சங்கத்தின் நடவடிக்கைப் புஸ்தகம்: எழுதும் முறையும் கையொப்பமிடும் முறையும்

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

சங்கத்தைப் பார்வையிட வரும் அதிகாரி முதலில் ரொக்கப் பெட்டியைத் திறந்து எண்ணுவார் என்பது அங்கத்தினர் பலருடைய எண்ணம். ரொக்கம் எண்ணப்படுவது உண்மையே. ஆயினும் ரொக்கம் சரியாயிருப்பது கொண்டு மாத்திரம் சங்கம் சரியாயிருக்கிறதென்று சொல்லுவதற்கில்லை. பெட்டியில் இருக்கவேண்டிய ஆயிரம் ரூபாய் இருக்கிறது, சரி. பெட்டியைவிட்டு வெளியே போன லட்ச ரூபாய் யாருடைய உத்தரவின்மேல் போயிற்று? இக்கேள்விக்கு ரொக்கப் புஸ்தகத்தில் விடை கிடையாது. நடவடிக்கைப் புஸ்தகத்தில், அஃதாவது நாம் வழக்கமாக மினிட் புஸ்தகம் என்று சொல்லும் அந்தப் புஸ்தகத்தில்தான் அவ்விடை இருக்கவேண்டும். ஆதலால் நான் எந்தச் சங்கத்துக்குச் சென்றாலும் முதலில் அதையே கேட்டு வாங்குவது வழக்கம். அது வருவதற்குத் தாமதமாகுமானால், உள்ளே யாரோ அதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிந்துகொள்வேன்.

பதிவு செய்யப்பட்ட சங்கம் சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆள். 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு இவ்வாறே விதித்தது; அதன் பின்னர் நம் மாகாணத்துக்கென ஏற்பட்ட 1932-ஆம் வருஷச் சட்டமும், 1961-ஆம் வருஷச் சட்டமும், இப்பொழுது அமலிலிருக்கும் 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் அதே நிலையைத் தொடர்ந்து வைத்திருக்கின்றன. சங்கம் தன் பெயரால் சொத்து வாங்கலாம், விற்கலாம், வழக்காடலாம். ஆனால் இந்த ஆளுக்கு வாயில்லை, கையில்லை. தலைவர் சொன்னது சங்கம் சொன்னதாகாது. காரியதரிசி எழுதியது சங்கம் எழுதியதாகாது. முறைப்படி அழைக்கப்பட்டு, முறைப்படி கூடி, முறைப்படி தீர்மானித்து, அத்தீர்மானம் புஸ்தகத்தில் ஏறினால்தான் சங்கம் பேசிற்றென்று அர்த்தம்.

நான் நேரில் கண்ட ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். ஊர்ப்பெயர் வேண்டாம், கம்பம் பள்ளத்தாக்கில் முல்லையாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமம் என்றமட்டில் போதும். 1895-ஆம் வருஷம் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இப்பள்ளத்தாக்கில் இறங்கியது முதல், இங்குள்ள குடியானவர்கள் ஜூன் மாதத் தொடக்கத்தை எதிர்பார்த்தே முதல்போகத்துக்கு நாற்றுப் பாவுகிறார்கள். தண்ணீர் திறந்துவிட்டால் உழவுக்கும் உரத்துக்கும் கூலிக்கும் பணம் உடனே வேண்டும். பத்து நாள் தாமதித்தால் நடவு பிந்தும், நடவு பிந்தினால் அறுப்பு மழையில் மாட்டும். இந்த அவசரத்தில் மேற்படி சங்கத்தின் நிர்வாக சபை கூடிற்று. நிர்வாகிகள் எழுவர். பயிர்க்கடன் மனுக்கள் 23 வந்திருந்தன. ஒவ்வொன்றாகப் படித்து எல்லாவற்றையும் அங்கீகரித்தார்கள். அப்பொழுது காரியதரிசி, “எல்லோருக்கும் வயலில் வேலை இருக்கிறது, நீங்கள் கையொப்பமிட்டுச் செல்லுங்கள், நான் சாவகாசமாக நல்ல எழுத்தில் எழுதிவிடுகிறேன்” என்று சொல்லி, வெற்றுப் பக்கத்தின் அடியைக் காட்டினார். எழுவரும் வரிசையாகக் கையொப்பமிட்டுப் போனார்கள்.

சாவகாசமாக எழுதியபொழுது 23 பெயர்கள் 25 ஆகிவிட்டன. பின்னால் வந்த இருவருக்கும் கொடுத்த தொகை ரூ. 1,40,000. அவர்கள் காட்டிய நிலத்தில் ஒன்று அவர்கள் அனுபவத்திலேயே இல்லை. தவணை கடந்தது, பணம் வரவில்லை, விசாரணை வந்தது. கூட்டம் நடந்த அன்றே மத்திய பாங்கிக்கு அனுப்பிய கடிதத்தில் மனுக்கள் 23 என்றே கண்டிருந்தபடியால், இரண்டு பெயர்கள் பின்னால் ஏறியவை என்பது வெளிப்பட்டது. இதனால் நிர்வாகிகள் தப்பித்துக்கொண்டார்கள் என்று நீங்கள் எண்ணக்கூடும். இல்லை. வெற்றுத் தாளில் கையொப்பமிட்டது மனமறிந்த அசட்டை என்று முடிவு செய்யப்பட்டது. 1983-ஆம் வருஷச் சட்டத்தின் 87-ஆவது பிரிவில் தண்டத்தீர்வை விதிக்கும் அதிகாரம் இருக்கிறது. நம்பிக்கைத் துரோகத்தினாலோ மனமறிந்த அசட்டையினாலோ சங்கத்துக்கு நஷ்டம் உண்டாக்கியவரிடமிருந்து அந்நஷ்டத்தை ஈடு செய்துகொள்ளும் வழி அது. 1932-ஆம் வருஷச் சட்டத்தில் இதுவே 49-ஆவது பிரிவாகவும், 1961-ஆம் வருஷச் சட்டத்தில் 71-ஆவது பிரிவாகவும் இருந்தது. ஆகையால் புதிதாக வந்த கொடுமை என்று இதைச் சொல்ல முடியாது. காரியதரிசி ஒருவர், நிர்வாகிகள் எழுவர், ஆக எண்மர் தலைக்கு ரூ. 17,500-உம் வட்டியும் கட்டும்படி ஆயிற்று.

அந்த எழுவரில் வயோதிகர் ஒருவர். அடுத்த மாதக் கூட்டத்திலேயே, “23 மனுக்களைத்தானே பார்த்தோம், 25 கடன் எப்படி வந்தது?” என்று அவர் கேட்டிருக்கிறார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது, அவரும் உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டது புஸ்தகத்தில் ஒரு வரியும் இல்லை. விசாரணையில் மற்ற நிர்வாகிகளுக்கு அது ஞாபகமும் இல்லை. கறவை மாடு ஒன்றை விற்றுப் பணம் கட்டினார். கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம், “தம்பி, நான் கேட்டது அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும், புஸ்தகத்துக்குத்தான் தெரியாமல் போயிற்று” என்றார். நான் சொல்லக்கூடிய ஆறுதல் ஒன்றும் இருக்கவில்லை. இக்கட்டுரை எழுதுவதற்கு அவரே காரணம்.

இனி முறைகளைக் கவனிப்போம்.

புஸ்தகத்தை வாங்கியவுடனேயே, ஒரு வரி எழுதுவதற்கு முன்பாக, எல்லாப் பக்கங்களுக்கும் வரிசையாக இலக்கமிட்டு, முதற் பக்கத்தில் “இப்புஸ்தகத்தில் 1 முதல் 200 வரை பக்கங்கள் இருக்கின்றன” என்று எழுதித் தலைவர் தேதியுடன் கையொப்பமிட வேண்டும். இது வெறும் சடங்கன்று. இலக்கமில்லாத புஸ்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தெடுத்தால் கிழித்தது தெரியாது. நம் முன்னோர் இதை அறிந்தேயிருந்தனர். நம்முடைய சின்னமனூரில் கிடைத்து, அவ்வூர்ப் பெயராலேயே வழங்கும் பாண்டியர் செப்பேடுகளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். செப்பேடுகளைத் துளையிட்டு வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை அரச முத்திரையால் மூடும் வழக்கம் தென்னாட்டில் பரவியிருந்தது. முத்திரையை உடைக்காமல் ஏடு ஒன்றை உருவவும் முடியாது, புதிதாக ஒன்றைச் செருகவும் முடியாது. நம் பக்க இலக்கம் அந்த வளையம். தலைவரின் கையொப்பம் அந்த முத்திரை.

இன்னும் ஒரு பழைய சான்று உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் வருஷத்திலும் 921-ஆம் வருஷத்திலும் அவ்வூர்ச் சபையார் செய்த ஏற்பாடுகள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. குடவோலைத் தேர்தலைப் பற்றிய சாஸனங்கள் என்று பள்ளிப் புஸ்தகங்களில் யாவரும் படித்தவையே. அவற்றில் தேர்தல் விதிகளை எல்லோரும் எடுத்துப் பேசுகிறார்கள். நான் கவனிப்பது வேறொன்று. எந்த அரசனுடைய எந்த ஆட்சியாண்டில் சபை கூடிற்று, அரசனுடைய ஆணைப்படி எந்த அதிகாரி உடனிருந்தார், என்ன ஏற்பாடு செய்யப்பட்டது என்பதெல்லாம் முறையாகச் சொல்லப்பட்டு, சபையில் வீற்றிருந்த பெருமக்கள் கட்டளையிட எழுதியவன் இன்னான் என்று எழுதினவனுடைய பெயரும் கடைசியில் காணப்படுகிறது. எழுதினவன் சபைக்கு வெளியே உட்கார்ந்து தன் இஷ்டப்படி எழுதவில்லை. சபை சொல்ல எழுதினான். தேதி, கூடியவர், உடனிருந்தவர், தீர்மானம், எழுதினவன் ஆகிய இவ்வளவும் ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பே இருந்திருக்க, நம் சங்கப் புஸ்தகங்களில் சிலவற்றில் கூட்டம் நடந்த மணி கூடக் காணப்படுவதில்லை.

கூட்டக் குறிப்பின் முகப்பில் எழுதவேண்டியவை: எந்த சபையின் கூட்டம் (நிர்வாக சபையா, மகாசபையா), சாதாரணமா விசேஷமா, தேதி, மணி, இடம், அழைப்பு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, வந்தவர் யார், வராதவர் யார், அக்கிராசனம் வகித்தவர் யார் என்பன. அழைப்பை ஏன் குறிக்க வேண்டுமென்று கேட்பீர்களாயின், ஒரு நிர்வாகிக்கு அழைப்பே அனுப்பாமல் கூட்டம் நடத்தினால் அக்கூட்டத்தின் தீர்மானத்தை எதிர்க்க அவருக்கு இடம் உண்டாகிவிடும். எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை பேர் வந்தால் கோரம் என்பதெல்லாம் உங்கள் சங்கத்தின் உபவிதிகளில் கண்டிருக்கும். உபவிதிப் புஸ்தகம் பெட்டியின் அடியில் கிடப்பதற்காக அச்சிடப்பட்டதன்று. கூட்டத்தன்று மேஜையின்மேல் இருக்கட்டும்.

கோரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டம் தொடங்கும்பொழுது கோரம் இருந்தால் போதுமென்று பலர் நினைக்கின்றனர். பத்து மணிக்கு ஐவர் இருந்து, பதினொரு மணிக்கு இருவர் சந்தைக்குப் போய்விட்டால், அதற்குப் பின் நிறைவேறிய தீர்மானங்களின் கதி என்ன? தேனிச் சந்தை நாளில் கூட்டம் வைக்கும் சங்கங்களில் இது அடிக்கடி நேரும். வெளியே போனவர் எந்தத் தீர்மானம் முடிந்தபின் போனார் என்று குறித்துவிட்டால் தகராறு எழாது. சந்தை நாளில் கூட்டம் வையாதிருப்பது அதிலும் உத்தமம்.

தீர்மானத்தை எழுதும்பொழுது, அன்று கூட்டத்துக்கு வராத ஒருவர் ஐந்து வருஷம் கழித்துப் படித்தாலும் விளங்கும்படியாக எழுதவேண்டும். “மனுக்கள் பரிசீலிக்கப்பட்டு அங்கீகரிக்கப்பட்டன” என்பது தீர்மானமாகாது. அது திறந்து கிடக்கும் கதவு. எத்தனை மனு, யாருடையது, எவ்வளவு, எதற்காக, என்ன ஈட்டின்மேல், எந்தத் தவணைக்கு என்று ஒவ்வொன்றும் இருக்கவேண்டும். தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதுக. இலக்கத்தில் மட்டும் எழுதிய 1,000-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்ப்பதற்கு அரை நிமிஷம் போதும். ஒரு மாதிரி கீழே தருகிறேன்:

“தீர்மானம் 4. அங்கத்தினர் நெ. 112, முதல்போக நெல் சாகுபடிக்காக ரூ. 45,000 (ரூபாய் நாற்பத்தையாயிரம் மாத்திரம்) கடன் கேட்டு எழுதிக்கொண்ட மனு படிக்கப்பட்டது. மனுவில் கண்ட சர்வே நெம்பரில் 1 ஏக்கர் 20 சென்டு நஞ்சை மனுதாரர் அனுபவத்தில் இருப்பதாகக் கிராம நிர்வாக அதிகாரியின் அடங்கல் நகல் காட்டப்பட்டது. ஜாமீன்தார், அங்கத்தினர் நெ. 87. நிர்வாகி திரு. ………… மனுதாரரின் சகோதரராகையால் 10-40 மணிக்கு வெளியே சென்று, இத்தீர்மானம் முடிந்தபின் 10-50 மணிக்குத் திரும்பி வந்தார். அவர் நீங்கலாக ஐவர் இருந்தனர், கோரம் இருந்தது. கடன் வழங்கலாமென்று தீர்மானிக்கப்பட்டது. சாதகம் நால்வர். நிர்வாகி திரு. ………… மாறுபட்டார், அவர் கூறிய காரணம்: மனுதாரர் சென்ற வருஷக் கடனில் ரூ. 6,000 பாக்கி வைத்திருக்கிறார்.”

இம்மாதிரியில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சொந்த லாபமுள்ள காரியம் பேசப்படும்பொழுது அந்த நிர்வாகி வெளியே போய்விட்டார். போனதும் திரும்பியதும் புஸ்தகத்தில் ஏறியிருக்கிறது. இரண்டாவது, மாறுபட்டவரின் பெயரும் காரணமும் இருக்கின்றன. நம் கிராமங்களில் மாறுபாட்டை எழுதுவது சண்டையை எழுதுவதாகக் கருதப்படுகிறது. “எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறின” என்று எழுதினால்தான் சங்கம் ஒற்றுமையாக இருப்பதாக அதிகாரி மெச்சுவார் என்று ஒரு காரியதரிசி என்னிடமே சொன்னார். மூன்று வருஷப் புஸ்தகத்தில் ஒரு மாறுபாடு கூட இல்லாதிருந்தால் எனக்குச் சந்தேகமே உண்டாகிறது. எழுவர் மூன்று வருஷம் பணத்தைப் பற்றிப் பேசி ஒருமுறையும் வேறுபடவில்லை என்பது இயற்கையில் இல்லை. கம்பெனிகளின் விஷயத்தில் 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு, டைரக்டர்கள் கூட்டத்துக்கு வந்தவர் பெயர்களையும், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் மாறுபட்டவர் பெயர்களையும் எழுதியே தீரவேண்டுமென்று விதிக்கிறது. அச்சட்டம் நம் சங்கங்களை நேராகக் கட்டுப்படுத்தாது. எனினும் பெரிய முதலாளிகள் தங்கள் தலையைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாட்டை ஏழைக் குடியானவன் ஏன் செய்துகொள்ளக் கூடாது? மாறுபடுகிறவர் கூட்டம் முடிவதற்கு முன்பே, “என் மாறுபாட்டை எழுதுங்கள்” என்று அக்கிராசனரைக் கேட்டு, எழுதியதைக் கண்ணால் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். நான் மேலே சொன்ன வயோதிகருக்கு இரண்டு வரி எழுதப்பட்டிருந்தால் அவருடைய நிலையே வேறாயிருந்திருக்கும்.

பிழை நேர்ந்தால் அழிக்கக்கூடாது, சுரண்டக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. அடியில் இருப்பது தெரியும்படி ஒரே கோடாக அடித்து, சரியானதை மேலே எழுதி, அக்கிராசனர் பக்கத்தில் சுருக்கொப்பமிட வேண்டும். கடைசி வரிக்கும் கையொப்பத்துக்கும் நடுவில் இடம் விடலாகாது. விட நேர்ந்தால் குறுக்குக் கோடு இட்டு அடைத்துவிடுக. பென்சிலால் எழுதப்பட்ட நடவடிக்கைக் குறிப்பை நான் இரண்டு சங்கங்களில் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத விரும்பவில்லை.

இனிக் கையொப்பம். இதில்தான் குழப்பம் மிகுதி. வருகைக்காக இடும் கையொப்பம் வேறு, நடவடிக்கையை உறுதி செய்து இடும் கையொப்பம் வேறு. நிர்வாகிகள் வந்தவுடன் வருகைப் பக்கத்தில் கையொப்பமிடுவது “நான் வந்தேன்” என்பதற்கு மாத்திரம் அத்தாட்சி. குறிப்பின் கீழே அக்கிராசனர் இடும் கையொப்பம் “நடந்தது இதுவே” என்பதற்கு அத்தாட்சி. முதலாவதை இரண்டாவதாக உபயோகிப்பதற்கு இடம் கொடுத்ததனால்தான் மேற்படி கிராமத்தில் அவ்வளவு நஷ்டம் வந்தது. வருகைக் கையொப்பம் முகப்பில், பெயர்களுக்கு எதிரே இருக்கட்டும். பக்கத்தின் அடியில் வேண்டவே வேண்டாம்.

அடியில் கையொப்பமிட வேண்டியவர் அன்று அக்கிராசனம் வகித்தவர். தலைவர் ஊரில் இல்லாமல் உபதலைவரோ, கூட்டத்தார் தேர்ந்தெடுத்த வேறொருவரோ அக்கிராசனம் வகித்திருந்தால் அவரே கையொப்பமிட வேண்டும். மறுநாள் ஊர் திரும்பிய தலைவர், தாம் இல்லாத கூட்டத்துக்குத் தாமே அக்கிராசனம் வகித்ததுபோல் கையொப்பமிடுவது பொய்யான தஸ்தாவேஜை உண்டாக்குவதாகும். பக்கங்கள் பல இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பமும், கடைசிப் பக்கத்தில் தேதியுடன் முழுக் கையொப்பமும் இடுக. தேதி மிக முக்கியம். கூட்டம் நடந்த தேதியை அல்ல, கையொப்பமிடும் தேதியையே எழுதவேண்டும். பின்னால் கையொப்பமிட்டால் பின்னால் என்றே தெரியட்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அடுத்த கூட்டத்தில் முந்திய கூட்டத்தின் குறிப்பைப் படித்து உறுதி செய்கிறோம். இதன் பொருளைத் தவறாக எண்ணி, உறுதி செய்யும்வரை தீர்மானமே செல்லாதென்று சில சங்கங்களில் கடன் கொடுப்பதை நிறுத்தி வைக்கிறார்கள். ஜூன் மாதத் தீர்மானத்துக்கு ஜூலையில் பணம் கொடுத்தால் நாற்று முற்றிவிடும். தீர்மானம் நிறைவேறிய அன்றே தீர்மானம்தான். மேல் அதிகாரியின் அநுமதி வேண்டுமென்று சட்டமோ உபவிதியோ சொல்லும் விஷயங்களுக்கு மாத்திரம் அவ்வநுமதிக்குக் காத்திருக்க வேண்டும். உறுதி செய்வது, எழுதியது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கே. அத்தருணத்தில் பழைய தீர்மானத்தை மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் அதைத் தனி விஷயமாக அஜெண்டாவில் சேர்த்துப் புதிய தீர்மானம் செய்யவேண்டும். “எழுதியது தவறு, நான் சொன்னது இது” என்று திருத்தம் கோருவதற்கோ, அதுவே சரியான வேளை. மேற்படி வயோதிகர் கேள்வி கேட்டதும் அவ்வேளையில்தான். கேட்டதோடு நில்லாமல் திருத்தமாக எழுதச் சொல்லியிருக்க வேண்டும்.

மற்ற தேசங்களிலும் வழக்கம் ஏறக்குறைய இதுவே. இங்கிலாந்தில் கவுண்டி கவுன்சில்கள் 1888-ஆம் வருஷச் சட்டத்தினால் ஏற்பட்டன. நம் பழைய ஜில்லா போர்டுகளைப் போன்றவை என்று வைத்துக்கொள்ளலாம். அவைகளுக்கும் மற்ற ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் பொருந்தும் 1972-ஆம் வருஷத்து ஸ்தல நிர்வாகச் சட்டத்தின் 12-ஆவது அட்டவணையில், கூட்ட நடவடிக்கைகள் அதற்கென வைத்த புஸ்தகத்தில் எழுதப்பட்டு, அதே கூட்டத்திலோ அடுத்த தகுந்த கூட்டத்திலோ, கையொப்பமிடும் அக்கூட்டத்தில் அக்கிராசனம் வகிப்பவரால் கையொப்பமிடப்பட வேண்டுமென்றும், அவ்வாறு கையொப்பமிட்ட குறிப்பு வேறு ருஜு இல்லாமலே சாட்சியமாக ஏற்கப்படுமென்றும் கண்டிருக்கிறது. தனித் தாள்களில் எழுதினால் தாள்களுக்கு வரிசையாக இலக்கமிட்டு, ஒவ்வொரு தாளிலும் சுருக்கொப்பமிட வேண்டும். கையொப்பம் ஒன்றினாலேயே வெறும் காகிதம் கோர்ட்டில் பேசும் சாட்சியாகிறது என்பதைக் கவனியுங்கள். நம் தேசத்திலும் 1912-ஆம் வருஷச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, ஒழுங்காக வைக்கப்பட்டு வரும் சங்கப் புஸ்தகத்திலுள்ள பதிவின் சான்றிட்ட நகலை கோர்ட்டுகள் சாட்சியமாக ஏற்கும்படி செய்தது. “ஒழுங்காக வைக்கப்பட்டு வரும்” என்னும் சொற்கள் அங்கே சும்மா இல்லை.

கூட்டமே கூடாமல் புஸ்தகம் மாத்திரம் வீடு வீடாகச் சென்று கையொப்பம் சேகரித்து வருவது இப்பிரதேசத்தில் பரவியிருக்கும் ஒரு வியாதி. சில சங்கங்களில் நிர்வாகிகள் நடப்பதைவிடப் புஸ்தகம் நடப்பது அதிகம். அது கூட்டமாகாது. ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டு, பதில் சொல்லி, அதன்மேல் முடிவு செய்வதற்குத்தான் கூட்டம். அவசரத்துக்குச் சுற்றறிக்கை மூலம் சம்மதம் பெற உபவிதி இடம் கொடுத்திருந்தால் அப்படிச் செய்யலாம். ஆனால் “சுற்றறிக்கை மூலம் பெற்ற சம்மதம்” என்றே எழுதவேண்டும். கூடாத கூட்டத்தைக் கூடியதாக எழுதுவது எவ்விதத்திலும் பொருந்தாது.

பெண் நிர்வாகிகள் இப்பொழுது பல சங்கங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய கையொப்பத்தைக் கணவரோ மகனோ இடுவதையும், வருகை மட்டும் வீட்டிலிருந்தே பதிவாவதையும் கண்டிருக்கிறேன். நஷ்டம் வந்தால் தண்டத்தீர்வை நோட்டீஸ் வருவது அந்த அம்மாள் பெயருக்குத்தான். கையொப்பமிட்ட கணவர் பெயருக்கல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவராயின், குறிப்பை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டி, இடது பெருவிரல் ரேகையை வாங்கி, அதன் பக்கத்தில் அவர் பெயரை எழுதி, படித்துக் காட்டியவர் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். படித்துக் காட்டும்படி கேட்பதற்கு எவரும் கூசவேண்டியதில்லை. படித்தவர்களும் கேட்கலாம், மேற்படி எழுவரில் நால்வர் படித்தவர்களே.

மகாசபையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, முறை ஒன்றுதான். வந்த அங்கத்தினர்களின் கையொப்பங்களைத் தீர்மானம் எழுதப்பட்ட பின்னரன்றி முன்னதாக வெற்றுப் பக்கத்தில் வாங்காமல், தனி வருகைப் பதிவில் வாங்குக. இதே எச்சரிக்கை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளிலும், 2022 முதல் சேர்க்கப்பட்ட மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய தேதிகளிலும் கூடும் கிராம சபைகளுக்கும் பொருந்தும். உங்களில் பலர் அவற்றிலும் கையொப்பமிடுகிறீர்கள்.

இக்காலத்தில் கணக்குகள் கம்ப்யூட்டரில் ஏறுகின்றன. தேசமெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்க 2022-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் அநுமதி வழங்கினர். இதையொட்டிச் சில காரியதரிசிகள் நடவடிக்கைக் குறிப்பையும் அச்செடுத்து, புஸ்தகத்தில் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டியதை உரித்து வேறொன்றை ஒட்டுவது சுலபம். கம்பெனிகளுக்கு ஏற்பட்ட விதிகள் இவ்வாறு ஒட்டுவதை வெளிப்படையாக விலக்கியிருக்கின்றன. புஸ்தகத்தில் கையால் எழுதுவதே நமக்கு இன்னும் பத்திரமான வழி.

புஸ்தகத்தைத் திருத்துவது எவ்வளவு பெரிய குற்றமென்பதையும் சொல்லிவிடுகிறேன். மோசம் செய்யும் கருத்துடன் சிப்பந்தியோ உத்தியோகஸ்தரோ எஜமானுடைய புஸ்தகத்தை அழித்தாலும், மாற்றினாலும், பொய்ப் பதிவு செய்தாலும் ஏழு வருஷம் வரை சிறை விதிக்க இடமுண்டு. 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 477-ஏ பிரிவாக இருந்தது; 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதிய நியாய சங்கிதையின் 344-ஆவது பிரிவாக இருக்கிறது.

புஸ்தகம் இருக்கவேண்டிய இடம் சங்கக் கட்டடம். காரியதரிசியின் வீடு அல்ல. காரியதரிசி மாறும்பொழுது, எந்தப் பக்கம் வரை எழுதப்பட்டது, கடைசித் தீர்மானத்தின் எண் என்ன என்று குறித்து, ஒப்படைப்பவர், ஏற்பவர், தலைவர் மூவரும் கையொப்பமிடுக. ஒரு புஸ்தகம் முடிந்து அடுத்ததைத் தொடங்கும்போது பழைய புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் புதியதன் முதற் பக்கத்திலும் அதைக் குறிப்பிட்டுவிட்டு, பழையதைக் கரையான் அண்டாத இரும்பு அலமாரியில் வையுங்கள். செங்கல்பட்டு ஜில்லாவில் அடங்கியிருந்த திரூரில், 1904-ஆம் வருஷத்தில், நம் மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் தொடங்கியது. அது முதல் இன்றுவரை எத்தனையோ சங்கங்களின் புஸ்தகங்கள் மழைக்கு ஒழுகும் கூரையின்கீழ் வீணாகியிருக்கும். உங்கள் சங்கத்துப் பழைய புஸ்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் எழுதச் சொல்லுங்கள்.